புளியங்கொட்டைச் சுங்கம்

முதல் தடவை நான் வகுப்பில் பன்னாட்டு வாணிபத்தை விளையாட்டாக நடத்தியபோது அது பத்தே நிமிடத்தில் படுத்துவிட்டது. காரணம், பிள்ளைகள் ரொம்ப நல்லவர்களாக இருந்தார்கள்.

பிரிட்டனில் கிறிஸ்டியன் எய்ட் என்ற தொண்டு அமைப்பு பள்ளிகளுக்காக உருவாக்கிய விளையாட்டு அது. வகுப்பைப் பல நாடுகளாகப் பிரிக்க வேண்டும். ஒரு நாட்டுக்குக் கத்தரிக்கோல், ஸ்கேல், காம்பஸ், பென்சில் எல்லாம் கிடைக்கும், காகிதம் மட்டும் கொஞ்சம்தான். இன்னொரு நாட்டிடம் காகிதம் கட்டுக்கட்டாக இருக்கும், வெட்ட ஒன்றும் இருக்காது. முக்கோணம், வட்டம், செவ்வகம் என்று அளவு பிசகாமல் வெட்டி வங்கியில் கொடுத்தால் பணம். கருவி இருப்பவன் காகிதம் தேடிப் போவான், காகிதம் இருப்பவன் கருவி தேடி வருவான், பேரம் நடக்கும், ஏமாற்றும் நடக்கும். அதுதான் பாடம்.

எங்கள் திருப்பூர்ப் பிள்ளைகளிடம் கத்தரிக்கோலைக் கொடுத்தேன். இல்லாத குழு வந்து கேட்டது, இருந்த குழு எடுத்து நீட்டிவிட்டது. "வாடகை கேட்கலையா?" என்றேன். "எதுக்குங்க மிஸ்? கேட்டாங்க, கொடுத்தோம்." உலக வாணிபம் அங்கேயே முடிந்தது.

அடுத்த வருடம் 'ஏ' பிரிவையும் 'பி' பிரிவையும் சேர்த்து உட்கார வைத்து, பிரிவுவாரியாக நாடு பிரித்தேன். கபடிப் போட்டியில் இருந்த பழைய பகை கைகொடுத்தது. கத்தரிக்கோலை ஒரு தடவை தொட இரண்டு உருப்படி என்று 'ஏ' பிரிவு கறாராக வாடகை வாங்கியது. கடைசியில் ஜெயித்ததும் அவர்கள்தான். எப்படி ஜெயித்தீர்கள் என்று கேட்டதற்கு, "நாங்க பிளான் பண்ணி விளையாடினோம் மிஸ்" என்றான் தலைவன். கத்தரிக்கோலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பின்பெஞ்சிலிருந்து 'பி' பிரிவுக்காரன் ஒருத்தன் சிரித்த சிரிப்பை இன்னும் மறக்க முடியவில்லை.

இதெல்லாம் பழைய கதை. 2025-இல் விளையாட்டை மாற்ற வேண்டியதாயிற்று. செப்டம்பர் முதல் வாரம் ஒரு மாணவி எழுந்து கேட்டாள். அவள் அம்மா பனியன் கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை பார்ப்பவர். "ஏனுங்க மிஸ், அமெரிக்காவுல வரி போட்டா எங்கம்மாவுக்கு எதுக்கு வேலை இல்லைங்கறாங்க?"

2025 ஆகஸ்ட் 7-ஆம் தேதி இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 25 சதவீதம் வரி போட்டது. ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி 27-ஆம் தேதி இன்னொரு 25. ஆக 50. பருத்தி டி-ஷர்ட்டுக்கு ஏற்கெனவே 16.5 சதவீதம் இருந்தது, இது அதற்கு மேலே. நம்மோடு போட்டி போடும் பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் இலங்கைக்கும் அப்போது கூடுதல் வரி 20, பாகிஸ்தானுக்கு 19. திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. டீக்கடையில் கூட டாரிஃப் என்ற சொல் புழங்க ஆரம்பித்துவிட்டது. பாடப்புத்தகத்தில் அது ஒரு மதிப்பெண் வினா.

கரும்பலகையில் ஒரு கேள்வியை எழுதினேன்: இந்த 50 சதவீதத்தைக் கட்டுவது யார்? பெரும்பாலானவர்கள் "இந்தியா" என்றார்கள். சிலர் "கம்பெனி ஓனர்" என்றார்கள். "ஷிப்மென்ட் போற கப்பல்காரர்" என்று ஒருத்தன். அமெரிக்காவில் சரக்கை இறக்குகிற இறக்குமதியாளர்தான் அங்கே சுங்கத்தில் பணம் கட்டுகிறார் என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. "அப்புறம் நம்ம எதுக்கு மிஸ் கவலைப்படணும்?" என்றார்கள். கேள்வி நியாயம்தான். சொல்லிப் புரியவைக்க முடியாது என்று தெரிந்துபோனது.

வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடையும் சேர்த்து வாங்கிக்கொண்டேன். வீட்டிலிருந்து ஒரு பை புளியங்கொட்டை, அதுதான் பணம். தேர்வு அறையிலிருந்து ஒரு பக்கம் எழுதிய தாள்கள், அதுதான் பருத்தி. பனியன் வடிவத்தில் வெட்டிய அட்டை நான்கு. ஊதா நாடு, மஞ்சள் நாடு இரண்டும் தாளை வாங்கி, அட்டையை வைத்து வரைந்து, பனியன் வெட்டி விற்க வேண்டும். கடைக்கார நாடு வாங்க வேண்டும். அந்த நாட்டு வாடிக்கையாளர் நான். ஒரு பனியனுக்கு 14 கொட்டை கொடுப்பேன். கடைக்கார நாட்டுக்குள்ளேயே ஒரு கத்தரிக்கோலோடு உள்ளூர் டெய்லர்கள் இரண்டு பேர். அவர்களுக்குத் தாள் விலை அதிகம் வைத்திருந்ததால் 13-க்குக் குறைந்து விற்க முடியாது. கதவோரம் ஒரு பெஞ்ச், அதில் பழைய ஷூ டப்பாவோடு சுங்க அதிகாரி. வகுப்பிலேயே அதிகம் பேசாத பெண்ணை அங்கே உட்கார வைத்தேன். அது எவ்வளவு பெரிய தவறு, அல்லது எவ்வளவு நல்ல முடிவு, என்பது அப்புறம் தெரிந்தது. ஒரு கொட்டை குறைந்தாலும் அவள் யாரையும் கதவைத் தாண்ட விடவில்லை.

முதல் சுற்றில் வரி இல்லை. கொஞ்சம் கூச்சலுக்குப் பிறகு விலை 10-ல் நின்றது. ஊதாவுக்குத் தாள் செலவு 6, லாபம் 4. கடைக்காரருக்கும் லாபம் 4. உள்ளூர் டெய்லர்களைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. அவர்கள் தங்கள் பனியனில் நட்சத்திரம் வரைந்து பொழுது போக்கினார்கள்.

இரண்டாவது சுற்றில் சாக்பீஸால் எழுதினேன்: ஊதாவுக்கு 50 சதவீதம், மஞ்சளுக்கு 20. வாங்குகிறவர் கட்ட வேண்டும்.

ஊதாக் குழு கைதட்டியது! "நாங்க கட்ட வேண்டியதில்லையே!" இரண்டே நிமிடம். கடைக்காரக் குழுவில் ஒருத்தி கணக்குப் போட்டாள். ஊதாவிடம் 10-க்கு வாங்கினால் பெட்டியில் 5 போட வேண்டும், மொத்தம் 15, மிஸ் தருவது 14. மஞ்சளிடம் 10-க்கு வாங்கினால் 2 போட்டு 12. அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் மஞ்சள் பெஞ்சுக்குப் போய்விட்டது. ஊதா மேசையில் வெட்டிய பனியன் குவிந்தது. உள்ளூர் டெய்லர்களுக்குத் திடீர் மவுசு. நட்சத்திரப் பனியன் 13-க்கு ஐந்தாறு போனது. மஞ்சள் நாடு சத்தமில்லாமல் விலையை 11 ஆக்கியது. இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஊதா முதலில் முரண்டு பிடித்தது. பிறகு 9 என்றது. ஒன்பதில் பாதி நாலரை, அரைக் கொட்டையை எப்படி எண்ணுவது என்று தகராறு. சுங்கப் பெண் "அஞ்சு" என்று முடித்துவிட்டாள். 9-ம் 5-ம் 14, கடைக்காரருக்கு ஒன்றும் மிஞ்சாது. கடைசியில் ஊதா 8-க்கு இறங்கியது. எட்டும் நாலும் 12. மஞ்சளும் பழையபடி 10-க்கு வந்தது. பத்தும் இரண்டும் 12. இரண்டும் ஒரே விலை! உள்ளூர் டெய்லர்கள் மறுபடி நட்சத்திரம் வரையப் போனார்கள்.

அந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்தினேன். ஊதாப் பனியன் ஒன்றுக்குப் பெட்டியில் விழுந்த 4 கொட்டை யாருடையது? கடைக்காரர் முன்பு 10 கொடுத்தார், இப்போது 12. அவருடையது 2. ஊதா முன்பு 10 வாங்கியது, இப்போது 8. அதனுடையது 2. பெட்டியில் போட்டது கடைக்காரர் கைதான், ஆனால் பாதிக் கொட்டை ஊதாவின் பையிலிருந்து வந்தது. மஞ்சளின் கணக்கு வேறு. பெட்டியில் விழுந்த இரண்டையும் கடைக்காரரே சுமந்தார், மஞ்சளுக்கு ஒரு கொட்டைகூட நஷ்டமில்லை.

செக்கிங் அம்மாவின் மகள் ஊதாக் குழுவில் இருந்தாள். கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துவிட்டுச் சொன்னாள்: "யாருக்கு வேற வழி இல்லையோ அவங்க தலையில விழுதுங்க மிஸ்." வரிச்சுமை யார் மேல் இறங்கும் என்பதைத் தேவை நெகிழ்ச்சி, அளிப்பு நெகிழ்ச்சி (விலை மாறினால் வாங்குவதும் விற்பதும் எவ்வளவு மாறும் என்பது) என்று வளைகோடுகள் போட்டு நான் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்கப் படித்தேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நம்மூர்ப் பேப்பர்களில் அந்த மாதம் வந்துகொண்டிருந்ததும் இதுதான். பையர், அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர், தள்ளுபடி கேட்கிறார், ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறார், ஏற்றுமதியாளர் விலையை இறக்குகிறார். அந்தப் பக்கமும் சுமை இல்லாமலில்லை. நவம்பரில் அமெரிக்கா காபி, டீ, வாழைப்பழம், மாட்டிறைச்சி என்று பல உணவுப் பொருட்களைப் புதிய வரியிலிருந்து விலக்கியது. அங்கே கடைகளில் விலை ஏறி ஜனங்கள் முணுமுணுத்ததுதான் காரணம். வாழை அதிகம் விளையாத ஊரில் வாழைப்பழத்துக்கு வரி போட்டால் தின்கிறவருக்குத்தான் வேறு வழி இல்லை.

எங்கள் ஆட்டத்திலும் இது நடந்தது. கடைக்காரக் குழு என்னிடம் வந்து விலையை ஏற்றச் சொன்னது. 15 தருகிறேன், ஆனால் சுற்றுக்குப் பத்து வாங்கியதற்குப் பதில் ஆறுதான் வாங்குவேன் என்றேன். "ஏன் மிஸ்?" "பழைய பனியனே இன்னொரு வருஷம் வரும்." அந்த நாலு பனியன் எங்கே போனது என்று தேடினால் ஊதா மேசையில் கிடந்தது.

2018-இல் அமெரிக்கா வாஷிங் மெஷினுக்கு வரி போட்டதைப் பற்றி அந்நாட்டுப் பொருளியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். மெஷின் விலை சுமார் 12 சதவீதம் ஏறியது, சரி. வரியே போடாத டிரையர் விலையும் கூடவே ஏறியது, ஏனென்றால் அங்கே இரண்டையும் ஜோடியாகத்தான் வாங்குவார்கள். இதைச் சொன்னபோது வகுப்பில் ஒருத்தரும் ஆச்சரியப்படவில்லை. மஞ்சள் 11 ஆனதை அவர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள்.

மூன்றாவது சுற்றில்தான் கூத்து. ஊதாக் குழுவின் பனியன் ஓரத்தில் ஊதா ஸ்கெட்ச் கோடு இருக்க வேண்டும், மஞ்சளில் மஞ்சள் கோடு. திடீரென்று மஞ்சள் நாட்டின் உற்பத்தி இரண்டு மடங்காகிவிட்டது. சுங்கப் பெண் ஒரு பனியனை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஊதாக் கோட்டை வெட்டி எடுத்துவிட்டு மேலே மஞ்சள் தீட்டியிருந்தார்கள். ஊதா தன் சரக்கை மஞ்சளிடம் கொடுத்து, மஞ்சள் பெயரில் கதவைத் தாண்டவிட்டு, வந்ததில் பாதியைப் பிரித்துக்கொண்டிருந்தது. அவள் எழுந்து நின்று "இது சீட்டிங்" என்று கத்தியது அடுத்த கட்டிடம் வரை கேட்டிருக்கும். அந்தக் குரல் அவளிடம் இருக்கிறது என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

தண்டனை என்ன என்று அவளையே கேட்டேன். "பிடிபட்டா 40 சதவீதம்" என்றாள். மூன்றாவது நாட்டு வழியாகச் சுற்றிவரும் சரக்குக்கு அமெரிக்கா 2025 ஜூலை இறுதியில் அறிவித்த வரியும் 40 சதவீதம்தான். அவள் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் ஊதாவுக்கு ஏற்கெனவே 50 இருக்க, பிடிபட்டால் 40 என்பது தண்டனையா சலுகையா என்று மஞ்சள் குழுவில் ஒருத்தன் கேட்க, அதை அவள் யோசிக்கவில்லை. 60 ஆக்கினாள்.

இந்த இடத்தில் நான் எப்போதும் சொல்கிற கதை ஒன்று உண்டு. 1960-களில் ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கு வரியை ஏற்றியது. பதிலுக்கு அதிபர் ஜான்சன் இறக்குமதியாகும் சிறிய லாரிகளுக்கு 25 சதவீதம் போட்டார். கோழிச் சண்டை மறந்துபோய் அறுபது வருடம் ஆகிறது, லாரி வரி அப்படியே இருக்கிறது. ஃபோர்டு கம்பெனி துருக்கியில் செய்த டிரான்சிட் கனெக்ட் சரக்கு வேன்களுக்குப் பின் சீட்டும் ஜன்னலும் வைத்து, பயணிகள் வண்டி என்று 2.5 சதவீதம் கட்டி இறக்கியது. துறைமுகம் தாண்டியதும் சீட்டைக் கழற்றிவிடுவார்கள். வழக்கு வருடக்கணக்கில் இழுத்து, 2024-இல் 36.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டு முடித்தார்கள். ஸ்கெட்ச் பேனா வைத்திருந்தவன் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். அதை நான் ஊக்குவித்த மாதிரி ஆகிவிட்டதோ என்று கொஞ்சம் உறுத்தல்.

பொருளியலாளர் ரிக்கார்டோவையும் விட முடியாதே, தேர்வில் கேட்பார்கள். 1817-இல் அவர் எழுதிய எண்கள்: துணி நெய்ய இங்கிலாந்துக்கு 100 பேர் ஒரு வருடம், ஒயினுக்கு 120. போர்ச்சுகலுக்குத் துணிக்கு 90, ஒயினுக்கு 80. இரண்டிலும் போர்ச்சுகல்தான் கெட்டிக்காரன். பிறகு ஏன் இங்கிலாந்திடம் துணி வாங்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு நான் வருடாவருடம் போர்டு நிறைய எழுதுவேன். இந்த முறை, அப்பா கட்டிங் மாஸ்டராக இருக்கும் பையன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். "எங்கப்பா டெய்லரைவிட நல்லாத் தைப்பாருங்க மிஸ். ஆனா அவரு பவர் டேபிள் தையல் மிஷின்ல உட்கார்ந்துட்டா பத்துப் பேருக்கு வெட்டுன பீஸ் யாரு தர்றது?" எதில் அதிகக் கெட்டிக்காரனோ அதைச் செய், மற்றதை வாங்கிக்கொள். ஒப்பீட்டு நன்மை, ஒப்பீட்டுச் செலவு என்பதெல்லாம் அவ்வளவுதான். போர்ச்சுகலும் இங்கிலாந்தும் ஒயினையும் துணியையும் மாற்றிக்கொண்டதற்குப் பின்னால் 1703-இல் போட்ட மெத்துவன் ஒப்பந்தம் இருந்தது. போர்ச்சுகல் ஒயினுக்குப் பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு வரி குறைவு. அதாவது, தடையில்லா வாணிபத்துக்கு உலகமே சொல்லும் உதாரணத்துக்குள்ளேயே ஒரு வரிச்சலுகை உட்கார்ந்திருக்கிறது. இது புத்தகத்தில் இல்லை, தேர்விலும் வராது, எனக்குப் பிடிக்கும் என்பதால் சொன்னேன்.

விளையாட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது என்று நான் நினைக்கவில்லை. ஒரு பெரிய பொய் அதில் இருக்கிறது: நேரம். எங்கள் ஊதா நாடு 10-லிருந்து 8-க்கு இறங்க ஆறு நிமிடம் ஆனது. நிஜத்தில் நிட்டிங் (பின்னல்), டையிங் (சாயம்), காம்பாக்டிங் (துணியை அழுத்திச் சீராக்குவது) என்று துணி ஒவ்வொரு கையாக மாறும். ஆகஸ்டில் நின்ற ஆர்டரின் அடி அட்டைப்பெட்டி செய்கிறவரிடம் போய்ச் சேர எத்தனை மாதமோ. ஆட்டத்தில் ஆர்டர் இல்லாத குழு பேசிச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவர்களுக்குச் சனிக்கிழமைச் சம்பளம் கிடையாது, வீட்டு வாடகை கிடையாது. அதைக் காட்ட ஏதாவது விதி சேர்க்கலாமா என்று யோசித்து, வேண்டாமென்று விட்டேன். வீட்டில் பார்ப்பதை வகுப்பில் நடித்துக் காட்ட வேண்டியதில்லை.

கடைசிச் சுற்றுக்கு நான் திட்டமிட்டிருக்கவில்லை. ஊதாக் குழு என்னிடம் ஒரு மனுவோடு வந்தது. லாபம் 2-க்கு வந்துவிட்டது, தாள் விலையைக் குறையுங்கள் என்றார்கள். ஆட்ட விதிப்படி வெளிநாட்டுத் தாள் 5 கொட்டை, ஊதா நாட்டின் சொந்த வரி 1, ஆக 6. ஊதா நாட்டுக்குள்ளேயே தாள் விற்கும் ஒரே ஒரு விவசாயியும் 6-க்குத்தான் விற்றுக்கொண்டிருந்தான். "நம்ம வரியையே நம்ம எடுத்துட்டா என்னங்க மிஸ்?"

இந்தியாவில் 2021 பிப்ரவரியில் இறக்குமதிப் பருத்திக்கு 11 சதவீத வரி போட்டார்கள். 2025 ஆகஸ்ட் 19-ஆம் தேதி மத்திய அரசு அதை நிறுத்தி வைத்தது. முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள், பிறகு டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். நூல் விலை இறங்கினால் பனியன் கம்பெனி மூச்சுவிடும் என்பது கணக்கு. பிள்ளைகள் தாங்களாகவே அதே இடத்துக்கு வந்துவிட்டார்களே என்று எனக்கு ஏகப் பெருமை. சரி, வரி இல்லை, வெளிநாட்டுத் தாள் இனி 5 என்று அறிவித்தேன். ஊதா ஆர்ப்பரித்தது.

விவசாயியாக உட்கார்ந்திருந்த பையன் மட்டும் கையைத் தூக்கினான். பெரம்பலூர்ப் பக்கம் அவன் ஊர், இங்கே நிட்டிங் மில்லில் வேலை செய்யும் மாமா வீட்டில் தங்கிப் படிக்கிறான். அங்கே அப்பா, அம்மாவுக்குப் பருத்தியும் மக்காச்சோளமும். "அப்ப நான் 5-க்குத்தான் விக்கணுமாங்க மிஸ்?"

ஆமாம் என்றேன். அவனுக்கும் ஊதாக் குழுவுக்கும் சண்டை மூண்டது. அது விளையாட்டுச் சண்டையாக இல்லை. "வெளியூர்ப் பருத்தி வந்தா எங்க பருத்தியை யாரு எடுப்பா?" என்றான். "ஆர்டரே இல்லைன்னா உன் பருத்தியை வச்சு என்னடா பண்றது?" என்றாள் செக்கிங் அம்மாவின் மகள். நீண்ட இழைப் பருத்திக்கு இந்த வருடம் குவிண்டாலுக்கு 8,110 ரூபாய் குறைந்தபட்ச ஆதரவு விலை இருக்கிறதே என்று நான் நடுவில் புகுந்தேன். அந்த விலைக்குக் கொள்முதல் செய்ய ஆள் வந்தால்தானே என்று அவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. மணி அடித்தது. இரண்டு பேரும் மணிக்குப் பிறகும் படிக்கட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கியதையும் பார்த்தேன்.

சுங்கப் பெண் ஷூ டப்பாவை என் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். "இதை யாருக்குங்க மிஸ் கொடுக்கிறது?" அதற்கு நான் விதியே எழுதவில்லை. உள்ளூர் டெய்லர்கள் தங்களுக்கு என்றார்கள், கடைக்காரக் குழு தாங்கள் போட்டது தங்களுக்கே என்றது. டப்பா இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது.

மதிப்பெண் கூடியதா என்று சக ஆசிரியை கேட்டார். உண்மையைச் சொன்னால் பெரிதாக இல்லை. அரையாண்டில் ஒப்பீட்டுச் செலவுக் கோட்பாட்டை விளக்கச் சொன்ன வினாவுக்கு மூன்று பேர் கட்டிங் மாஸ்டரை எழுதியிருந்தார்கள். விடைக்குறிப்பில் அவர் இல்லை. நான் மதிப்பெண் போட்டேன். பொதுத்தேர்வில் திருத்துகிறவர் போடுவாரா என்று தெரியாததால், ரிக்கார்டோ பெயரையும் முதல் வரியில் எழுதிவிடச் சொல்லியிருக்கிறேன்.

விடைத்தாள் கொடுத்த அன்று பெரம்பலூர்ப் பையன் தாளை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றான். மார்க்கைப் பற்றித்தான் கேட்கப் போகிறான் என்று நினைத்தேன்.

"மிஸ், 31-ஆம் தேதிக்கு அப்புறம் அந்தப் பருத்தி வரியைத் திரும்பப் போடுவாங்களா? எங்க காட்டுல பொங்கல் கழிச்சுத்தான் பருத்தி எடுப்பாங்க."

பேப்பரில் வந்தால் சொல்கிறேன் என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தான். பக்கத்து பெஞ்சிலிருந்து செக்கிங் அம்மாவின் மகள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.